குடித்துப் பார்க்காத தண்ணீர்

ஈரச் சிமெண்டுக்கு ஒரு வாசனை உண்டு. சின்ன வயதில் சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்போமே, அந்த வாசனைக்குக் கிட்டத்தட்டப் பக்கம். போன வாரம் ஒரு காலையில் அது எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, காப்பி வாசனைக்குக் குறுக்கே நின்றது. எட்டிப் பார்த்தேன். எதிர் மனையில் வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சாயந்திரமே மனைக்காரத் தம்பி நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டான். ஏதோ பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற பையன். மிகவும் மரியாதைக்காரன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, ஊடு கட்டறதுன்னா என்னென்ன எதிர்பார்த்துக்கணுமுங்க? நீங்க கட்டி முடிச்சவிங்க, சொன்னீங்கன்னா தேவலைங்க" என்றான்.

என்னிடம் ஒருவர் ஆலோசனை கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. விடுவேனா. ஒன்றரை மணி நேரம் பேசினேன். மேஸ்திரி சொன்ன நாளில் வரமாட்டார், சொல்லாத நாளில் வந்து நீ எங்கே என்று கேட்பார் என்றேன். பார்க்க வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் ஏதாவது ஒரு சுவரைக் காட்டி, இதை இரண்டடி தள்ளி வைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுத்தான் போவார், அதற்குக் கலங்கக்கூடாது என்றேன். எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு சுவிட்சாவது கதவுக்குப் பின்னால்தான் அமையும், அது விதி என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

என் மனைவி சாந்தாமணி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எல்லாஞ் சொன்னீங்க. அதெ மட்டும் சொல்லலீங்க."

"எதெ?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? நாளை எதிர்வீட்டிலேயே குடிவந்து, தினமும் பால் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கப்போகிறவன். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரர் கேட்ட பனியனை, கேட்ட அளவில், கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்கு அனுப்பப் பாடுபடுவதாகக் காட்டிக்கொள்ளும் உத்தியோகம். குடியிருந்தது லைன் வீட்டில். ரயில் பெட்டியை நிறுத்திவைத்தது போல ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். எட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் எட்டு ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். எப்போது வரும் என்பது நமக்குத் தெரியாது. வந்த பிறகு எப்போது நிற்கும் என்பது தண்ணீருக்கே தெரியாது.

சாந்தாமணி கணியூர்க்காரி. வயலுக்கு வாய்க்கால், வீட்டுக்குப் பின்னால் கிணறு என்று தண்ணீரை ஒரு பொருளாகவே நினைக்காத குடும்பம். பெண் பார்க்கப் போனபோது அவள் அண்ணன் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஜாதகத்தைக்கூடத் தரகரிடம் விட்டுவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்கெ தண்ணி எப்படீங்க மாப்பிள்ளை?"

"இருக்குதுங்க" என்றேன்.

அது பொய்யில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று அவர் கேட்கவில்லை. நானும் பந்தியில் கேட்காததைப் பரிமாறுகிறவன் இல்லை.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், அந்தக் குழாயின் முன்னால் ஏழாவது ஆளாக அவள் குடத்தோடு நின்றதை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஐந்து வருடம் அப்படி நின்றாள். அதன் பிறகு சொந்த வீடு கட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மற்ற வீடுகளில் பெண்கள் கேட்பதாகச் சொல்லப்படுகிற எதையும் அவள் கேட்கவில்லை. சமையலறைக்குக் கிரானைட் வேண்டாம், பூஜைக்குத் தனி அறை வேண்டாம்.

"கொழாயெத் தொறந்தா நல்ல தண்ணி வரோணும். நான் ஒருத்தருக்குப் பின்னால நிக்கக்கூடாது. அவ்வளவுதானுங்க."

சொல்லிவிட்டுத் தன் வளையல்களைக் கழற்றி என் கையில் வைத்தாள். வீடு என்று நாங்கள் சொன்னது உண்மையில் ஒரு குழாயை. அதைச் சுற்றிச் சுவர்கள் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

மனை தேடிய காலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். திருப்பூரில் அப்போது கையில் பை வைத்திருந்தவர்கள் எல்லாரும் மனைத் தரகர்கள். அதில் ஒருவர் கடைசியாக ஓர் இடத்தைக் காட்டினார். ஊருக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்தில் ஒரு பழைய தோட்டம், அதில் பெரிய கிணறு, பாதிக் கிணற்றுக்குத் தண்ணீர். தோட்டத்தில் வரிசையாகத் தென்னைகள் நின்றன. முக்கால்வாசிக்கு மேல் மட்டை பழுத்துத் தொங்கியது, சிலவற்றுக்குத் தலையே இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, இடத்துக்கு நல்ல வெளிச்சம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணியெப் பாருங்க, எப்படிக் கெடக்குதுன்னு" என்றார் தரகர்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். ஒரு ஆர்டர் வந்தால், கேட்ட நிறத்தை முதலில் சாயப்பட்டறையில் கைக்குட்டை அளவுத் துணியில் போட்டு அனுப்புவார்கள். அதை நான் லைட் பாக்ஸ் என்ற சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பேன். பெட்டிக்குள் பல விளக்குகள். ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று கடை வெளிச்சம், ஒன்று வீட்டு பல்பு. மூன்றிலும் நிறம் ஒத்துப்போனால் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டுவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். பிறகு ரோல் ரோலாக வரும் மொத்தத் துணிக்கும் இதே சோதனைதான். வெள்ளையிலேயே பதினேழு வெள்ளை எனக்குத் தெரியும் என்று கம்பெனியில் பெயர். பிறந்தது ஊத்துக்குளியில். அங்கே வெண்ணெய் நேற்றையதா முந்தாநாளையதா என்பதைக் கையில் எடுக்காமலே மூக்கால் சொல்லும் மனிதர்கள் உண்டு. அந்த ஊரிலிருந்து கண்ணை மட்டும் கொண்டு பிழைக்க வந்தவன் நான்.

அந்தக் கிணற்றில் வாளி விட்டு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். திங்கட்கிழமை ஆபீசில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், கடை வெளிச்சத்தில் பார்த்தேன், பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு துளி மஞ்சள் இல்லை, ஒரு துளி நீலம் இல்லை. சாயம் ஓடுகிற அந்த ஆற்றோரம் அப்படி ஒரு தண்ணீரா என்று எனக்கே ஆச்சரியம். பழக்க தோஷத்தில் பாட்டிலின் மேல் சீட்டு ஒட்டி, 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சாந்தாமணி அப்போது அண்ணன் மகள் சீருக்காகக் கணியூர் போயிருந்தாள். இன்னொரு பார்ட்டி முன்பணத்தோடு நிற்பதாகத் தரகர் அவசரப்படுத்தினார். எல்லாத் தரகர்களிடமும் எப்போதும் இன்னொரு பார்ட்டி நிற்கிறது. போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணியெக் குடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்லயே டெஸ்ட் பண்ணியாச்சு சாந்தா" என்றேன்.

இதுவும் பொய்யில்லை.

"அப்பச் சரீங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு, ஒருவர் உங்களை முழுக்க நம்பிவிட்டார் என்று பொருள். அதனால்தான் அது இன்றும் என் காதில் இருக்கிறது.

கிரயம் முடிந்து, அவள் ஊரிலிருந்து திரும்பி, பூமி பூஜைக்கு முதன்முறையாக மனைக்கு வந்தாள். வந்தவள் மனையைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தென்னையெல்லாம் ஏனுங்க அப்படி நிக்குது?"

"கவனிக்க ஆளில்லை போல."

"தென்னையெ யாரு ஒக்காந்து கவனிக்கிறாங்க" என்று சொன்னவள், ஐயர் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை தொடங்கும் முன்பே போர், அதாவது ஆழ்குழாய்க் கிணறு, போட்டுவிடுவார்கள். நீரோட்டம் பார்க்க ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்தார். தென்மேற்கு மூலையில் தேங்காய் செங்குத்தாக எழுந்து நின்றது. விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் நான் நம்பவில்லை. மனை வாங்கியவன் என்ற முறையில் கையெடுத்துக் கும்பிட்டேன். "தண்ணி நல்லா இருக்குமுங்களா?" என்றேன்.

"இருக்குதா இல்லையான்னு தேங்கா சொல்லுமுங்க சாமி. எப்படி இருக்குதுங்கறது அதுக்குத் தெரியாதுங்க."

தேங்காய் தன் எல்லையை அறிந்திருந்தது. லைட் பாக்ஸுக்கு அந்த அடக்கம் இல்லை.

ஆனால் தென்மேற்கில் போர் போடமுடியவில்லை. எங்கள் மேஸ்திரி தேவசகாயம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். மகள்கள் இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்ததால் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷம் தவிர வேறு எதற்கும் கட்டுப்படாதவர். ஆனால் வாஸ்துவில் எங்களைவிடக் கறார்.

"கன்னி மூலையில குழி போடப்படாது சார். ஈசானியத்துலதான் போடணும். நமக்கு இதுல நம்பிக்க கெடையாது. ஆனா உங்களுக்கு உண்டுல்லா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையல்லா சொல்லுவீய."

வடகிழக்கில் போட்டோம். திருச்செங்கோட்டிலிருந்து போர் லாரி வந்தது. ஒரு பகல் முழுக்க அது பூமியைக் குடைந்த சத்தத்தில், பத்து வருடத்துக்குப் பேசவேண்டிய அக்கம்பக்கத்தினரிடம் முதல் நாளே பகை வந்தது. சாம்பல் நிறப் புழுதி எங்கள் தலையிலும் அவர்கள் காயப்போட்ட துணியிலும் இறங்கியது. பிறகு சாயந்திரம், புழுதி சேறானது, சேறு தண்ணீரானது. மூன்று ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. வேலையாட்கள் கூவினார்கள். நானும் நனைந்துகொண்டு நின்றேன். வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றிய நேரம் ஏறக்குறைய அரை மணி.

தெளிந்த முதல் தண்ணீரை வீட்டுப் பெண் குடிப்பது வழக்கம். சாந்தாமணி மஞ்சளும் பூவும் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தி வாயில் வைத்தாள்.

துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

"ஏனுங்க, அந்தக் கெணத்துத் தண்ணியெ நீங்க குடிக்கவே இல்லீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தேவசகாயம் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, தள்ளிப் போய்த் துப்பினார். "என்ன சார் இது, கடத்தண்ணியால்லா இருக்கு. எங்க ஊருல கடலு கெடக்கு, தண்ணி உப்புக் கரிக்கி. அது நியாயம். இங்க எதுக்கு சார் கரிக்கணும்?"

எதற்கு என்று அங்கிருந்தவர்களில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. வாரத்துக்கு இரண்டு நாள் பட்டறைகளுக்குப் போகிறவன் நான். கோயில் மதில் மாதிரி உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்க, அதன்மேல் சாய்ந்து நின்றுதான் டீ குடிப்பேன். கழிவுத் தண்ணீரில் சாயத்தை ஓரளவுக்கு எடுத்துவிடுவார்கள், நிறம் போய்விடும். உப்பு எங்கேயும் போகாது. தண்ணீரோடு சேர்ந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து பாட்டிலுக்கும் வந்து, லைட் பாக்ஸில் கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இதை நான் சாந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு நிறம் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பினால், பட்டறையில் மறுபடி சாயத்தொட்டி, மறுபடி உப்பு. அந்த வருடம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஆர்டர் ஓடியது. கொஞ்சம் பச்சை தூக்கல், கொஞ்சம் நீலம் தூக்கல் என்று பதினொரு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். நுணுக்கமான ஆள் என்று அதற்குப் பாராட்டும் கிடைத்தது. என் போர்த் தண்ணீரில் என் பங்கு எத்தனை பிடி என்று யாரால் சொல்லமுடியும்?

அன்று வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "தேங்கா சொன்ன எடத்துல போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமோ என்னமோங்க." இருந்திருக்காது. ஒரே மனையில் முப்பதடி தள்ளித் தித்திக்குமா? அவளுக்கும் தெரியும். என்னைத் திட்டாமல் இருப்பதற்காக மூலையைத் திட்டினாள்.

நின்றுவிட முடியாது என்பதுதான் வீடு கட்டுவதில் உள்ள விசேஷம். சினிமா பிடிக்கவில்லையென்றால் எழுந்து வரலாம். போர் போட்ட மனையிலிருந்து எங்கே எழுந்து போவது? லாரித் தண்ணீர் வாங்கிக் கட்ட ஆரம்பித்தோம். கம்பெனிப் பழக்கத்தில் நான் ஒரு சார்ட் தயார் செய்தேன். அஸ்திவாரம் இந்தத் தேதி, லிண்டல் இந்தத் தேதி, கூரை இந்தத் தேதி என்று வண்ணம் தீட்டிச் செங்கல் அடுக்கில் ஒட்டினேன். தேவசகாயம் அதை மரியாதையாகப் படித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால், அதன் பின்பக்கத்தில் கம்பிக் கணக்கு எழுதியிருந்தார். அதற்கு மறுநாள் ஆளையே காணோம். ஊரில் கோயில் அசனமாம், ஊரே கூடிச் சாப்பிடுகிற விருந்தாம், போகாமல் இருக்கக்கூடாதாம். நான்கு நாள் கழித்து வந்தவரிடம் சார்ட்டைக் காட்டினேன்.

"சார், உங்க கம்பெனியில மெஷினு ஓடும். எங்கிட்ட ஆளுதாம் சார் ஓடுதான்."

ஒருவழியாகக் கூரைக் கான்கிரீட் போட்ட நாள் வந்தது. வேலையாட்களுக்குக் கறிச்சோறு போட்டோம். மறுநாள் காலையில் கூரைமேல் சிமெண்டால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பிரித்துத் தண்ணீர் நிறுத்தினார்கள். சாந்தாமணி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "நாத்து நடலாமாட்ட இருக்குது" என்றாள். போர் போட்ட நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"பச்சப்புள்ள மாதிரி சார் கான்கிரீட்டு. ரெண்டு வாரத்துக்கு வாய் காயவிடப்படாது. காஞ்சிச்சுன்னா வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் தேவசகாயம்.

மூன்றாம் நாள் தண்ணீர் லாரிகள் நின்றுவிட்டன. எந்தக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து எடுத்து வந்தார்களோ, அந்த ஊர்க்காரர்கள் ரோட்டில் கல்லை வைத்து மறித்துவிட்டார்கள். எங்கள் குடிதண்ணீரை எடுத்து டவுனில் வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி. சாந்தாமணியின் அண்ணனாக இருந்தாலும் முதல் கல்லை அவர்தான் வைத்திருப்பார். எனக்குத் தெரிந்த லாரிக்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்தேன். எல்லாரும் "பாக்கலாமுங்க" என்றார்கள். நம் ஊரில் முடியாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

சித்திரை வெயில். நான்காம் நாள் மத்தியானம் பாத்திகளில் பாதி வறண்டுவிட்டது. கூரைமேல் நின்றுகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே, ஈசானிய மூலையில், மோட்டாரைப் போட்டால் ஊரே நனையும் அளவுக்குத் தண்ணீர். "ஒரு நாளைக்கு மட்டும் இதெ விட்டா என்ன மேஸ்திரி?" என்று கேட்டேன். நான் கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"விடலாம் சார். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. உப்பு உள்ள எறங்கிச்சுன்னா கம்பியத் தின்னுட்டே இருக்கும். எங்க ஊரு கடக்கரையில வந்து பாருங்க, தலைக்கு மேல கான்கிரீட்டு பேந்து கெடக்கும். ஒங்க வீடு, நீங்க சொன்னா விடுதேன்."

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள்தான் லைன் வீட்டில் தண்ணீர் வந்திருந்தது. அடுத்த எட்டு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்துவைத்த பதினான்கு குடம் வீட்டில் இருந்தது. கம்பெனியில் பனியன் மூட்டை ஏற்றும் டெம்போவைக் கேட்டு வாங்கி, பதினான்கையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடம் கொடுத்தார். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு, எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அதை ஞாபகப்படுத்தினார்.

"நாம என்னத்தெக் குடிக்கிறது?" என்றேன்.

"நாம போயி நாலு ஊட்டுல கேட்டுக் குடிச்சுக்கலாமுங்க. இதுக்கு யாரு குடுப்பாங்க?"

ஊற்றினோம். எழுநூறு சதுர அடிக் கூரைக்குப் பதினாறு குடம் என்பது யானைக்கு உளுந்து வடை. ஊற்றிய இடம் நாங்கள் பார்க்கப் பார்க்க வெளுத்தது. அவள் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழுகிறவரை நின்றாள். தேவசகாயம்தான் சொன்னார்: "வைக்கோலு, சாக்கு ஏதாம் போத்தி நனைச்சா, கொஞ்சத் தண்ணி நெறைய நேரம் நிக்கும் சார்."

திருப்பூரில் வைக்கோலுக்கு எங்கே போவது? துணிக்குப் போகலாம். கம்பெனி குடோனில் நான் திருப்பி அனுப்பி, பட்டறைக்காரர் எடுத்துப்போக மறுத்த மயில்கழுத்துத் துணி ரோல் ரோலாகக் கிடந்தது. மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிவந்து, கூரை முழுக்க விரித்து நனைத்தோம். பனியன் துணி தண்ணீரைப் பிடித்துக்கொள்வதில் சாக்கைவிட உத்தமம். லாரிகள் மறுபடி வர ஐந்து நாள் ஆனது. அதுவரை தினமும் எங்கெங்கோ கெஞ்சி வாங்கிய நாலைந்து குடத்தில், திருப்பூரின் கிழக்கே ஒரு மொட்டைக் கூரை மயில்கழுத்து நிறத்தில் ஜொலித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். துணியை எடுத்தபோது கான்கிரீட்டிலும் அந்த நிறம் லேசாக இறங்கியிருந்தது. பதினொரு தடவை நிறம் சரியா என்று பார்த்தேனே தவிர, சாயம் நிற்குமா என்று ஒரு தடவையும் பார்த்திருக்கவில்லை.

கூரை தப்பியது. ஓரத்தில் முடியளவு ஒரு வெடிப்பு. அது இன்னும் இருக்கிறது, வளரவில்லை.

குடிபுகுந்தோம். எல்லாக் குழாய்களையும் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது, அதுவும் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. சாந்தாமணியின் தலைமுடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. ஆறு மாதத்தில் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் பூத்தது. தெருமுனைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் லாரி வரும். சொந்த வீட்டுக்காரி ஆன முதல் வாரம், பிளாஸ்டிக் குடத்தோடு அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு நான் நின்றேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர், "ஆபீஸ் போற நேரத்துல நீங்க எதுக்குங்க" என்றார். எதற்கு என்று விளக்கினால் லாரி போய்விடும் என்பதால் சும்மா இருந்தேன். அவள் ஒரு முறை திட்டியிருந்தால் நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பிறகு காலம் என்னென்னவோ செய்தது. பட்டறைகளை மூடச் சொன்னார்கள், பிறகு உப்பையும் பிரித்தெடுத்துவிட்டுத்தான் ஓடவேண்டும் என்றார்கள். வீட்டுக்குக் குடிதண்ணீர் இணைப்பு வந்தது. அது வராத நாட்களுக்குக் கேன் வந்தது. கேனும் பிடிக்காமல், சுவரில் மாட்டுகிற மெஷின் வந்தது. அது தண்ணீரிலிருந்து உப்பையும் இன்னும் என்னென்னவோ பெயர் தெரியாதவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை நமக்குத் தருகிறது. லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், மெஷின் தண்ணீர் என்று பதினைந்து இருபது வருடம் ஓடிவிட்டது. இப்போது அவள் யாருக்குப் பின்னாலும் நிற்பதில்லை. சுவருக்கு முன்னால் நின்று பட்டனை அழுத்தினால் போதும்.

போன தை மாதம் கணியூர் போயிருந்தோம். அண்ணனுக்கு வயதாகிவிட்டது. நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே, வழக்கம்போல, கிணற்றிலிருந்து மொண்ட தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து நீட்டினார். சாந்தாமணி அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தி, செம்புக்குள் பார்த்தாள்.

"தண்ணி மாறிப்போச்சுங்களாண்ணா?"

"அதே கெணறு, அதே தண்ணி கண்ணு. ஏன்?"

"ஒண்ணுமே தெரியலீங்ணா. சப்புனு இருக்குது."

அண்ணன் செம்பை வாங்கித் தான் ஒரு வாய் குடித்தார். சப்புக்கொட்டிப் பார்த்தார். எனக்கும் நீட்டினார், நானும் குடித்தேன். எனக்கு எந்தக் காலத்தில் என்ன தெரிந்தது? அவர் முகம் வாடிவிட்டது. ஒருவேளை செம்புதான் பாசி பிடித்திருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு, புளி போட்டு அதைத் தேய்த்தார். அந்த வயதில், மோட்டாரை விட்டுவிட்டு, கிணற்றில் வாளியை இறக்கித் தன் கையால் இழுத்து, மறுபடி நிறைத்துக் கொண்டுவந்தார். தங்கை குடிப்பதையே பார்த்துக்கொண்டு எதிரில் நின்றார்.

அவள் நிதானமாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத் தேவலீங்ணா" என்றாள். "அந்தப் பழைய தண்ணிதான்."

அண்ணன் தெளிந்த முகத்தோடு இலை அறுக்கத் தோட்டத்துப் பக்கம் போனார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் விஷயத்தில் எங்கள் வீட்டில் முழு உண்மை பேசாதவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை இருந்தது.